சிறிய ஊரா, பக்கத்து நகரமா? குடிபெயரும் முன் உங்கள் கருத்து வேண்டும்

கூடுதேடி:

வணக்கம் நண்பர்களே. எனக்கு நகரத்தின் நடுப்பகுதியில் புது வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் அலுவலகம் போயாக வேண்டும், ஒரு நாள் வீட்டிலிருந்து செய்யலாம். கணவர் மொழிபெயர்ப்பாளர், அவருக்கு முழுக்க வீட்டில்தான் வேலை. பையனுக்குப் பதினொரு வயது. என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், ரத்த அழுத்தமும் மூட்டுவலியும் உண்டு.

நகரத்திலேயே வீடு பார்ப்பதா, அங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிறிய ஊரில் பார்ப்பதா என்று குழப்பம். எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு நகரத்தில் இரண்டு படுக்கையறை அடுக்ககம்தான் கிடைக்கும். அதே தொகைக்கு ஊரில் தோட்டத்துடன் தனி வீடு. இரண்டுக்கும் நடுவே ரயிலும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது. கணவருக்கும் பையனுக்கும் தனி வீட்டின் மேல் ஆசை. எனக்கோ தினசரிப் பயணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் என் ஒருத்தியின் வசதிக்காக மற்ற மூன்று பேரையும் நெருக்கடியில் வைப்பது நியாயமா என்றும் தோன்றுகிறது.

இதே நிலையில் முடிவெடுத்தவர்கள் எதைப் பார்த்து எடுத்தீர்கள்?

நெடும்பாதை:

பல வருடங்களாக இப்படிப் போய் வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த 40 கிலோமீட்டர் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது வரைபடத்தில் இருக்கும் தூரம். நீங்கள் வாழப்போவது நேரத்தில்.

வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை கணக்கிடுங்கள். நிலையத்துக்குப் போவது, வண்டி நிறுத்துவது, ரயிலுக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு இன்னொரு பேருந்து, கடைசியில் நடை. ரயிலில் நாற்பது நிமிடம் என்று சொல்வார்கள். வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மணி நேரம் வரும். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது காலியான சாலையில் சொகுசாகப் போய்விட்டு "அப்படியொன்றும் தூரமில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். திங்கட்கிழமை காலை அலுவலக நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். அன்று மாலையே திரும்பியும் வாருங்கள்.

திரும்பும் பயணம்தான் ஆளைக் கொல்லும். 6:10-க்கு ஒரு ரயில், அதை விட்டால் 7:25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்காலுக்கு மேலதிகாரி "ஒரு நிமிடம்" என்று கூப்பிடுவார். அந்த ஒரு நிமிடம் எழுபத்தைந்து நிமிடமாகும். நடைமேடையில் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டு, சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் நாலரை மணியிலிருந்தே கண் கடிகாரத்துக்குப் போக ஆரம்பிக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், மனம் நிலையத்துக்குப் போய்விட்டிருக்கும்.

சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் எந்தக் காலத்திலும் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வாகனத்தின் வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம்தான் கூடுகிறது என்பது அவர் வாதம். நடந்து போன காலத்தில் நகரங்கள் சில கிலோமீட்டர் அகலத்தில் அடங்கின. ரயிலும் காரும் வந்ததும் விரிந்தன. போக வர மொத்தம் ஒரு மணி நேரம் என்பதை நம் உடம்பு ஏற்றுக்கொள்ளும் அளவு என்று வைத்தால், மூன்று மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய மீறல் என்று யோசியுங்கள்.

மரநிழல்:

நெடும்பாதை ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பயணம் செய்யப்போவது ஒருவர், வாரத்தில் நான்கு நாள். வீட்டில் இருக்கப்போவது மூன்று பேர், வாரம் முழுக்க. தோட்டம், வெளிச்சம், இரவில் அமைதி இதெல்லாம் அவர்களுக்குத் தினமும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவு நேரச் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. நகரத்தில் பெரிய சாலையைப் பார்த்த அடுக்ககத்தில் அதை எதிர்பார்க்கவே முடியாது. தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் உள்ள அம்மாவுக்கு நல்லதா?

பையனையும் பாருங்கள். பதினொரு வயதில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக விளையாடப் போய்விட்டு இருட்டுவதற்குள் வரலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம். எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. கீழே விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டால், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் யாராவது கூட்டிவந்து விடுவார்கள்.

நெடும்பாதை:

மரநிழல், வீட்டின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய வீடு சில மாதங்களில் பழகிவிடும், பயணம் பழகாது. தினமும் வேறு வேறு காரணத்துக்குத் தாமதமாகும் ஒன்று எப்படிப் பழகும்? அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் எடுக்கப்படும் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணம் செய்கிறவர்களுக்கு நல்ல வீடோ நல்ல சம்பளமோ ஈடுகட்டும் என்றால், அவர்களும் மற்றவர்களைப் போலவே வாழ்க்கையில் நிறைவாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. பயண நேரம் கூடக் கூட அவர்கள் சொன்ன மனநிறைவு குறைந்துகொண்டே போனது. நாம் முடிவெடுக்கும் நேரத்தில் வீட்டை அதிகமாக எடைபோடுகிறோம், பயணத்தைக் குறைவாக எடைபோடுகிறோம்.

இழைநூல்:

கணவர் வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஒரு சின்னக் குறிப்பு. இணைய இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இரண்டாவது நிறுவனத்தின் இணைப்பு அந்தத் தெருவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறிய ஊர்களில் பெரும்பாலும் ஒரே கம்பிதான் வரும். சாலை தோண்டும்போது அது அறுந்தால் அன்றைய வேலை போச்சு. வீட்டுக்குள் நின்று கைபேசியில் சிக்னலும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மின்தடை எப்படி என்று கேட்டால் உண்மையைச் சொல்வார். வீட்டு உரிமையாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

இரவுப்பணி:

நான் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

"ஊரில் மருத்துவமனை இருக்கிறது" என்பது பதிலே இல்லை. இரவு இரண்டு மணிக்கு அங்கே என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. பக்கவாதம் வந்தால், அது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அடைப்பு என்றால் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாலரை மணி நேரம் நிறைய என்று தோன்றும். ஆனால் அறிகுறியைக் கவனிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். அப்புறம் முதல் மருத்துவமனை, அங்கே ஸ்கேன் இல்லை, அடுத்த மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் என்று நேரம் கரைந்துவிடும். இப்படி நேரம் கடந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாரடைப்பில் கதை கொஞ்சம் வேறு. ஈ.சி.ஜி.யில் முழு அடைப்பு என்று தெரிந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாது என்றால் இருக்கும் இடத்திலேயே கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவார்கள். எனவே சிறிய மருத்துவமனையிலும் ஈ.சி.ஜி.யும் அந்த ஊசியும் அதைப் போடத் தெரிந்த மருத்துவரும் இரவில் இருந்தால், 40 கிலோமீட்டர் பெரிய ஆபத்து இல்லை. நேரில் போய்க் கேளுங்கள்: இரவில் மருத்துவர் இருக்கிறாரா, வீட்டிலிருந்து கூப்பிட வேண்டுமா? ஸ்கேன் எந்நேரமும் எடுக்கிறார்களா? ஆம்புலன்ஸ் ஊரிலேயே நிற்கிறதா, நகரத்திலிருந்து வர வேண்டுமா?

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். அவசரம் என்பது எப்போதோ வருவது. அம்மாவின் உடம்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அன்றாடம்தான். ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்ப்பது, மாத்திரை தீருமுன் வாங்குவது, மூட்டுக்காக தினமும் சமதளத்தில் நடப்பது. நடந்து போகும் தூரத்தில் அவரைத் தெரிந்த ஒரு மருத்துவர் இருந்தால், அது நகரத்தின் பெரிய மருத்துவமனையை விட மதிப்பானது. அந்த மருத்துவர் ஊரிலும் கிடைக்கலாம், நகரத்திலும் கிடைக்காமல் போகலாம்.

கூடுதேடி:

இரவுப்பணி அக்கா, மிக்க நன்றி. இந்தக் கேள்விகளை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். நெடும்பாதை சொன்னபடி வேலைநாளில் ஒருமுறை போய்ப் பார்க்கிறோம். மற்றவர்களும் எழுதுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் விஷயத்தில்.

கடைசிப்பேருந்து:

பிள்ளைகள் விஷயம் என்றால் நான் பேசலாம், ஏனென்றால் அப்படி ஓர் ஊரில் வளர்ந்த பிள்ளை நான்.

மரநிழல் சொன்ன சைக்கிள் வாழ்க்கை அத்தனையும் உண்மை. பதினொரு வயதில் அதைவிட மேலான இடம் கிடையாது. ஆனால் பையன் பதினொன்றிலேயே நிற்கப்போவதில்லை. எனக்குப் பதினைந்து ஆனபோது வேண்டியதெல்லாம் நகரத்தில் இருந்தது: நல்ல கணித ஆசிரியர், நூலகம், நீச்சல் பயிற்சி, என் ரசனையோடு ஒத்துப்போன இரண்டே நண்பர்கள். எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எட்டரைக்கு. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் பாதியில் எழுந்து வருவேன். அப்பா கொண்டுவிட்டால்தான் உண்டு, அவருக்கு வேலை இருந்தால் இல்லை. நீச்சலை அப்படித்தான் விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, போய்வர முடியாமல் தானாக நின்றுபோனது.

அதனால் இப்போதைய பையனுக்காக மட்டும் யோசிக்காதீர்கள். அவன் பத்தாவது படிக்கும்போதும் இதே வீட்டில்தான் இருப்பான் என்றால், அந்தப் பையனுக்காகவும் யோசியுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் நகரத்திலிருந்து தனியாக, பத்திரமாக வீடு வந்து சேர அவனுக்கு வழி இருக்கிறதா? இருந்தால் சிறிய ஊர் அருமையான இடம்.

மரநிழல்:

கடைசிப்பேருந்து, உங்கள் பதிவைப் படித்தபின் என் மூத்த பெண்ணிடம் கேட்டேன். ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். எங்கள் வீட்டில் அவளை அழைத்துவர எப்போதும் யாராவது ஒருவர் வண்டியோடு தயாராக இருந்தோம், அதனால் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை.

புதுக்குரல்:

இன்னொன்றை யாரும் எழுதவில்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருக்கும் ஊர், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்குத்தான் இதமானது. வெளியிலிருந்து போகிறவருக்கு அந்த வட்டம் உடனே திறக்காது. "எந்தப் பக்கம், யார் வீட்டுப் பிள்ளை" என்ற கேள்விக்குத் தெரிந்த பதில் நம்மிடம் இல்லை என்றால், வாசலில் நின்றே பேசி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஓர் ஊரில் சிரித்த முகத்தோடு பழகிய பக்கத்து வீட்டுக்காரர்களோடு இருந்தோம், ஆனால் நெருக்கமான ஒரு வீடு கிடைக்கப் பல வருடம் ஆனது. அதற்கிடையில் நாம் எப்போது வருகிறோம், யார் வந்து போகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வீட்டிலேயே இருக்கும் உங்கள் கணவருக்கு இது அதிகம் உறைக்கும். நகரத்தில் தனிமை வேறு மாதிரி, ஆனால் அங்கே தன் ஈடுபாட்டுக்கு ஏற்ற பத்துப் பேரைத் தேடிப் பிடிக்கலாம்.

வேலைக்கும் இது பொருந்தும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திக்கும் அறிமுகத்திடமிருந்துதான் தகவல் வந்திருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு அப்படிப்பட்ட அறிமுகங்கள்தான் வருமானம். வாரம் ஒருமுறையாவது அவர் நகரத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வரவுசெலவு:

வாடகை ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். செலவு ஒன்றல்ல. ஊரில் தனி வீடு என்றால் அநேகமாக இரண்டாவது வண்டி வாங்க வேண்டி வரும். வண்டியின் விலை, எரிபொருள், பழுது, காப்பீடு, நிலையத்தில் நிறுத்தக் கட்டணம், மாதாந்திரப் பயணச்சீட்டு எல்லாவற்றையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் ஓர் ஆய்வு மையம் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் அளவுகோல். நம் வருமானத்துக்கு அந்த எண் பொருந்தாமல் போகலாம், ஆனால் சேர்த்துப் பார்க்கும் முறை சரியானது.

அப்புறம், ஊரில் என்னவெல்லாம் கிடைக்கும் என்பது தற்செயல் இல்லை. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1933-இல் தென் ஜெர்மனியின் ஊர்களை வைத்து இதை விளக்கினார். ஒவ்வொரு கடையும் சேவையும் நிலைக்க குறைந்தபட்சம் இத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும். மருந்துக்கடைக்கு ஒரு சிற்றூர் போதும். நரம்பியல் மருத்துவருக்கும் இசைப்பள்ளிக்கும் ஒரு பெரிய வட்டாரமே வேண்டும். எனவே "ஊர் வளர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரமே எல்லாம் வந்துவிடும்" என்று தரகர் சொல்வதை நம்பி வீடு எடுக்காதீர்கள். நகரம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, மக்கள் அங்கேயே போய் வாங்கிவிடுவார்கள், அதனால் சில சேவைகள் ஊருக்கு வராமலேயே போகும். இன்று அங்கே இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

கூடுதேடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து ஒரு வாரத்தில் யார் யார் எங்கே போகிறோம் என்று எழுதினோம். அப்போது தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதுவரை நாங்கள் என் பயணத்தைப் பற்றி மட்டும்தான் சண்டை போட்டோம். எழுதிப் பார்த்தால், தனி வீட்டுக்குப் போனால் அதிகம் அலைவது கணவர்தான். காலையில் என்னை நிலையத்தில் விடுவது, பையனைப் பள்ளியில் விடுவது, அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது, மாலையில் மறுபடி பள்ளி, மறுபடி நிலையம். அந்த வீடு ஊருக்கு வெளியே, பெரிய சாலை ஓரம். நடைபாதை கிடையாது. அந்தப் பட்டியலைப் பார்த்து அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நான் மொழிபெயர்ப்பது எப்போது?" என்று கேட்டார்.

அம்மாவிடம் கேட்டோம். அவருக்குத் தோட்டத்தின் மேல் பெரிய ஆசை இருக்கும் என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். அவர் சொன்னது: "யாரையும் கேட்காமல் நானே கடைக்குப் போய் வர முடிகிற இடமாக இருந்தால் எதுவானாலும் சரி."

வேலைநாளில் போயும் பார்த்தோம். தனி வீட்டிலிருந்து என் அலுவலகத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். ஆனால் அதே ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய தெருக்கள் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பினால் ஒரு மணி ஐந்து நிமிடம், வண்டியே தேவையில்லை. நகரத்தின் விளிம்பில் பார்த்த அடுக்ககத்திலிருந்து இதே அளவு நேரம் பேருந்தில் நின்றுகொண்டு போக வேண்டியிருந்தது! நகரத்தின் நடுப்பகுதியில் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு ஒன்றுகூட இல்லை.

நெடும்பாதை:

அப்படியென்றால் ரயில் நிலையத் தெருவுக்குத்தான் என் ஓட்டு. நான் இவ்வளவு நேரம் எதிர்த்தது ஊரை அல்ல, வண்டியை நம்பி வாழ வேண்டிய ஊர்ப்புறத்தை. ரயிலில் உட்கார இடம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து போகும் ஒரு மணி நேரத்தில் படிக்கலாம், தூங்கலாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்றும், ரயில் ஓடாத நாளில் பேருந்து எங்கே கிடைக்கும் என்றும் தெரிந்து வைத்திருங்கள்.

கடைசிப்பேருந்து:

பையன் நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வரலாம் என்றால் நான் சொன்ன பயத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் வீடு நிலையத்துப் பக்கம் இருந்திருந்தால் நானும் நீச்சலைத் தொடர்ந்திருப்பேன்.

வரவுசெலவு:

ஒரு வருடத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் முதல் வருடத்தில் அங்கே வீடு வாங்காதீர்கள். சிறிய ஊரில் வாங்குவோர் குறைவு, விற்க நினைத்தால் நீண்ட காலம் காத்திருக்க வேண்டி வரலாம். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு முழுப் பள்ளியாண்டு பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஒப்பந்தம் பள்ளியாண்டின் நடுவில் முடியாதபடி தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடுதேடி:

நிலையத்துக்குப் பின்னால் இரண்டு வீடுகள் காலியாக இருக்கின்றன. ஒன்று முதல் மாடி, நல்ல வெளிச்சம், கணவருக்குத் தனி அறையும் உண்டு. மற்றொன்று தரைத்தளம், கொஞ்சம் இருட்டு, முற்றம் போல ஒரு சின்ன இடம் இருக்கிறது. ரயில் சத்தம் இரண்டிலும் ஒன்றுதான். இரவுப்பணி அக்கா, அம்மாவின் மூட்டுக்கு மாடி ஏறி இறங்குவது நல்ல உடற்பயிற்சி என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

இரவுப்பணி:

வலி இருக்கும் முழங்காலுக்குப் படி இறங்குவதுதான் பெரிய சுமை. பயிற்சி என்றால் சமதளத்தில் நடக்கட்டும், தொடைத்தசைக்கு இயன்முறை மருத்துவர் சொல்லித்தருவதைச் செய்யட்டும். மாடி வீட்டுக்குப் போனால் முதல் மாதம் தினமும் இறங்குவார், வலி கூடியதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு யாராவது கூட்டிப்போனால் மட்டும். தானே கடைக்குப் போய் வர வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே, தரைத்தளத்தையே எடுங்கள். இருட்டுக்குக் கூடுதல் விளக்கு போட்டுக்கொள்ளலாம்.

வாடகை பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கழிவறைச் சுவரில் கைப்பிடி பொருத்த அனுமதி உண்டா? வாசல்படி உயரமாக இருந்தால் பாதி உயரத்தில் இன்னொரு படி வைத்துத் தருவார்களா? பெரும்பாலான உரிமையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டால்.

கூடுதேடி:

கேட்டுவிட்டோம். கைப்பிடிக்குச் சரி என்றார்கள், படியை நாங்களே எங்கள் செலவில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போகிறோம். வீட்டிலிருந்து மருந்துக்கடை வரை அவரே நடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அதன் பிறகு முன்பணம் கொடுக்கிறோம்.